அந்தோணியார் காலடியில் என் வீல்சேர்

ஜூன் 12, 2009. வெள்ளி. காலை.

காற்று. தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. மேற்கே மலை இல்லை, சாரல் மூடிவிட்டது. வீல்சேரில் இடது சக்கரம் கிறீச் கிறீச். தேங்காய் எண்ணெய் விட்டேன். தலைக்கு வைக்கிற எண்ணெயை இதுக்கா ஊத்துவ என்று அம்மா திட்டு.

இன்றைக்கு:
துணி மடிக்க.
செல்வம் அண்ணனுக்கு மிஸ்டு கால்.
கம்பம் மெடிக்கலில் மாத்திரை சொல்லி வைக்க.
சாயங்காலம் சப்பரம் ஜோடிக்கிறதைப் பார்க்கப் போக. சேரில்.

நாளைக்கு அந்தோணியார் திருவிழா. திருப்பூர், பெங்களூர், துபாய் என்று போனவனெல்லாம் வந்து இறங்கிவிட்டான். காலையிலிருந்து குழாயடியில் விசாரணை. என் காதில் விழ வேண்டும் என்றே ஒருத்தி: "இன்ஜினியரிங் படிக்கப் போனவதான. பாதியில விட்டுட்டு வந்து சும்மாதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா பாக்க." நல்லாத்தான் இருக்கேன். காலை ஏழு மணிக்கு.

இந்த ரெண்டு நாளில் எப்படியும் எல்லோரும் கேட்பார்கள். ஒரே மாதிரி பதில் சொல்ல இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பேர் மையஸ்தீனியா. மதுரை டாக்டர் சொன்னது: நரம்பு சொல்கிறது, தசைக்குக் கேட்கவில்லை. தூங்கி எழுந்தால் எல்லாம் சரி. பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும். செல்போன் சார்ஜ் மாதிரி என்பான் செல்வம் அண்ணன். சரிதான், ஆனால் அவன் சொல்வதால் எரிச்சல். மத்தியானத்துக்கு மேல் இமை தொங்கும். அப்புறம் கால், கழுத்து. கடைசியில் தாடை. பேச்சு மூக்கால் வரும், பிறகு வராது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் திரும்பும். குளிருக்கு நல்லா இருக்கும், வெயிலுக்கு மோசம். எப்போது குணமாகும்? தெரியாது.

இவ்வளவையும் யார் நின்று கேட்பார்கள். "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதுக்கு ஒரு லேகியம் சொல்வார்கள்.

காலையில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு நான் பொய். சாயங்காலம் பார்க்கிறவர்களுக்குப் பாவம். ரெண்டு கூட்டமும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதே இல்லை போல.

சேர், வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பையன்கள் சேர்ந்து கோயில் சபை வழியாக வாங்கிக் கொடுத்தது. நன்றி சொல்லி போட்டோவும் எடுத்தாயிற்று, பல்லைக் காட்டி. இந்த ஊரில் எதுவும் சாயங்காலம்தான் நடக்கும். பஜார், வாலிபால், நவநாள், வம்பு. சேர் இல்லையென்றால் ஆறு மணிக்கு மேல் எனக்கு ஊரே கிடையாது. சுவர்தான்.

ஜூன் 13. சனி. மத்தியானம்.

எழுந்தேன். சேரைக் காணோம். அம்மா சிரிக்கிறாள், அழுகிறாள். என்னைப் பிடித்து முத்தம் வேறு. கை தளர்கிறது, எழுத முடிய

ஜூன் 14. ஞாயிறு. விடிந்ததும்.

நேற்று நடந்தது. வரிசையாக.

காலைப் பூசை முடிந்து சப்பரம் கிளம்பியது. கூட்டத்தில் நின்று நின்று கால் தீர்ந்துவிடக் கூடாது என்று சேரில் போயிருந்தேன். மாத்திரை போட்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாரல், ஜிலுஜிலு காற்று. உடம்பு அப்படி லேசு. அம்மா எனக்காக நேர்ந்துகொண்ட உப்பு மிளகுப் பொட்டலம் என் மடியில். அம்மா பெண்கள் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டாள். சப்பரமோ முக்குத் திரும்புகிறது.

எழுந்து ஓடினேன். யோசிக்கவே இல்லை. ரெண்டு வருஷத்தில் நடந்திருக்கிறேன், ஓடியதில்லை. மாவு மில் படியில் ஏறி பொட்டலத்தைப் பிரித்துச் சப்பரத்தின் மேல் எறிந்தேன். கொஞ்சம் மிளகு காற்றில் என் மூஞ்சிக்கே வந்தது.

யாரோ ஒருத்தர் "புதுமை, அந்தோணியார் செஞ்ச அற்புதம்" என்றார். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் பாட்டு. ஒரு கிழவி என் காலைத் தொட்டாள். தெருக்காரர்களுக்கு நான் காலையில் நடப்பது தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் சேரில் பார்த்ததுதான் கணக்கு. எல்லோர் கையிலும் கேமரா போன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு என்றால் தப்பு. ஓடினது நல்லா இருந்தது, சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் தூக்கம். அதற்குள் அம்மாவும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரும் சேரைத் தள்ளிக்கொண்டு போய்க் கோயிலில் வைத்துவிட்டார்கள். பீடத்துக்கு இடப்பக்கம் அந்தோணியார் சிலை, சுரூபம் என்போம். சுகமானவர்கள் ஊன்றுகோலை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். ரெண்டு கக்கத்துக்கட்டை, ஒரு கைத்தடி, வெள்ளியில் கால், வெள்ளியில் கண். இப்போது என் சேர். மல்லிகை மாலை போட்டு. சுற்றி மெழுகுதிரி.

அந்தச் சேரின் பக்கப் பையில்தான் என் மாத்திரை அட்டை.

சாயங்காலம் கழுத்து நிற்கவில்லை. கஞ்சி மூக்கு வழியாக வந்தது. அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒருநா போடாம இருந்து பாரு ஆத்தா. நீதான் விசுவாசம் இல்லாம இழுத்துவிட்டுக்கிற" என்றாள்.

அப்பா ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். பை எங்கே என்று மட்டும் கேட்டார். நேரே கோயிலுக்கு, அட்டையோடு திரும்பினார். காணிக்கையில் கை வைக்கக்கூடாது என்று உபதேசியார் மறித்தாராம். "நான் கை வைக்கிறது மாத்திரையில" என்று அப்பா சொன்னாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஜீப்பைக் கழுவும் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கோயில் என்றால் திருவிழாச் சாப்பாடு. அம்மாவுக்கு அப்படி இல்லை.

அதே நாள். பத்து மணி.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். என் வாய் நல்லா இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று அவசரம். எனக்குச் சுகமாகவில்லை, காலையில் எப்போதும் இப்படித்தான், சேரைக் கொடுங்கள் என்றேன்.

சாமியார் நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினை. "நானும் புதுமைன்னு சொல்லலையேம்மா. ஜனங்க சொல்றாக" என்றார். எடுத்துக்கொண்டு போனால் மனம் உடைந்துவிடுவார்களாம். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு நானே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டுமாம்.

நவநாள் சாயங்காலம். அப்போது எனக்கு வாய் வராது என்றேன். வாய் வராதவள் இப்படியா பேசுவாள் என்று உபதேசியாருக்குச் சிரிப்பு. "கல்லு மாதிரி நிக்கிறா பாருங்க சாமி. இவளுக்கு எதுக்கு சேரு?"

திரும்பி வரும்போது சுரூபத்தைப் பார்த்தேன். மாலை வாடிவிட்டது. என் சீட்டு மேல் யாரோ தேங்காய் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 15. திங்கள். காலை, கம்பம்.

அப்பா ஜீப்பில் முன் சீட்டு. பின்னால் ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. ஒருத்தி: "இந்தப் புள்ளதான?" இன்னொருத்தி: "சும்மா இருடி, டிரைவர் மக." பிறகு கம்பம் வரை என் பிடரியில் அவர்கள் கண்தான். பேசியிருந்தால்கூடத் தேவலை.

செல்வம் அண்ணன், சித்தப்பா மகன். பிரவுசிங் சென்டரில் வேலை. நெட்டில் எங்கள் ஊர்ப் பேரில் ஒரு கம்யூனிட்டி, அதை நடத்துவது அவன்தான். நான் ஓடுகிற வீடியோவைப் போட்டதும் அவன்தான். சனிக்கிழமை தலைப்பு "நம்ம ஊரில் புதுமை". ஞாயிற்றுக்கிழமை நான் சாமியாரிடம் பேசினது யார் மூலமாகவோ துபாய்க்குப் போய்விட்டது. இன்றைக்கு அதே வீடியோவுக்குக் கீழே வேறே பேச்சு.

படித்தேன். எல்லாவற்றையும். செல்வம் அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றான், பிறகு அவனே கீழே இறக்கிக் காட்டினான்.

"ரெண்டு வருஷம் ஊரையே ஏமாத்திருக்கா."
"அரியர் நெறைய. அதான் சீக்கு."
"எங்க சித்திக்கும் நரம்புத் தளர்ச்சி. அது எந்திரிக்கவே எந்திரிக்காது. அதான் சீக்கு. இது ஷிப்ட் சீக்கு."

ஷிப்ட் சீக்கு. நல்ல பேர்தான். நான் வைத்திருக்க வேண்டியது.

ரோஜாப்பூ படம் போட்ட ஒருத்தன். துபாய். நிதானமாக, மரியாதையாக எழுதுகிறான். அவன்தான் மோசம். "அது நாங்கள் வாங்கிக் கொடுத்த சேர். சுகமாகிவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுப்பதுதானே முறை. சுகமாகவில்லை என்றால் வீடியோவில் ஓடுவது யார்?"

திரும்பத் திரும்பப் படித்தேன். புதுமை என்றாலும் சேர் போகும். பொய் என்றாலும் போகும். சேர் என்னிடம் இருக்கிற மாதிரி ஒரு பதிலே இவர்கள் கணக்கில் இல்லை.

உட்கார்ந்து அடித்தேன். நரம்பு, தசை, மாத்திரை, டாக்டர், சாரல், எல்லாம். கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்று. அடுத்த நிமிஷம் பதில்: "இவ்ளோ வேகமா டைப் அடிக்கிறவளுக்குக் கை சீக்காம்."

எழுந்து கடைக்குள்ளேயே நடந்தேன். கேபின், தண்ணீர்க் குடம், கேபின். செல்வம் அண்ணன், "ஏய், உக்காரு. சார்ஜ் போயிரும்" என்றான். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

பிறகு அவன் ஒரு யோசனை சொன்னான். சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருக்க வேண்டும். மாத்திரை போடக்கூடாது. என் மூஞ்சி எப்படி ஆகிறதோ அப்படியே எடுத்துப் போடுவானாம். "ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான் பாரு."

முடியாது என்றேன். நான் விழுவதை இவன்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும். அம்மாவைத் தவிர யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அப்பாகூட வெளியே போய்விடுவார்.

ஆனால் சேர்.

சரி என்றேன்.

ஜூன் 16. செவ்வாய். காலை.

நேற்று மீதி. மத்தியானம் கரண்ட் கட், ஃபேன் இல்லை, வெயில். அதனால் எல்லாம் சீக்கிரமே வந்தது. இமை முதலில். செல்வம் அண்ணன் போனை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னான். ஆரம்பம் சரியாக வந்தது. நடுவில் மூக்கு. கடைசியில் சத்தம் மட்டும். தலை முன்னால் விழுந்தது. அவன், "போதும்த்தா, போதும்" என்றான். முதல் தடவையாக அவன் பயந்து பார்த்தேன். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தான், பாதி சட்டையில்.

அப்பா வந்து தூக்கி ஜீப்பில் உட்கார வைத்தார். செல்வம் அண்ணனைப் பார்த்துக்கொண்டே கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

இன்றைக்குக் காலையில் போன். அவன் குரலே சரியில்லை. விடாமல் கேட்டு வாங்கினேன்.

"நல்ல நடிப்பு."
"தலை தொங்குற எடத்துல மட்டும் கொஞ்சம் ஓவர்."
"காலையில ஓட்டப்பந்தயம், சாயங்காலம் சிம்மாசனம்."
"மந்திரம் சொல்லும்போது நாக்கு தள்ளுதுன்னா அது வேற சீக்கு. பேயோட்டுறவரைக் கூப்பிடுங்க."

நாக்கு தள்ளுகிற ஆளைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு தட்டை எறிந்தேன். இட்லி சுவரில்.

அம்மா திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. காலையில் தலை வாரிவிட்டாள், அதுவும் பேசாமல். அவளுக்கு நான் புதுமையைக் கெடுத்தவள்.

இன்றைக்கு நவநாள். யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு போனால் பேசலாம். ஆனால் நின்று கணீரென்று பேசுகிறவளுக்கு எதற்குச் சேர் என்பார்கள். போடாமல் போனால் சேரில் உட்கார வேண்டிய ஆளாக இருப்பேன். சேர் வேண்டும் என்று கேட்க வாய் இருக்காது.

அப்பாவிடம் கேட்டேன், எது செய்ய என்று. ஜீப் டயரைப் பார்த்துக்கொண்டே, "நீ போகத்தான் வேணுமா?" என்றார். போகாவிட்டால் சேர் அங்கேயே நிற்கும், அடுத்த வாரம் அதன் மேல் வெள்ளிக் கால் வைப்பார்கள். போகணும் என்றேன்.

காற்று நின்றுவிட்டது. வெயில். எதுவும் எனக்குச் சாதகமாக இல்லை.

மாத்திரை போடவில்லை.

ஜூன் 17. புதன். காலை.

கை நல்லா இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கோயில் நிறைய ஆள். திருவிழாவுக்கு வந்தவர்கள் பாதிப் பேர் இதற்காகவே ஊருக்குப் போகாமல் இருந்தார்கள். அப்பா என்னைத் தாங்கிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தார், தானும் பக்கத்தில். நவநாள் செபம் முடிந்ததும் சாமியார் என் பேரைச் சொன்னார். சுகமானதற்குச் சாட்சி இல்லை, ஏதோ சொல்ல விரும்புகிறாள், பொறுமையாகக் கேளுங்கள் என்றார். மைக்கைக் கொண்டுவந்து என் வாய்ப் பக்கம் நீட்டினார்கள்.

தாடையைக் கையால் தூக்கிப் பிடித்தேன். "எனக்கு" என்று ஆரம்பித்தேன். மைக்கில் மாடு கத்துகிற மாதிரி கேட்டது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் ஒரு குரல், மெதுவாகத்தான்: "ஆரம்பிச்சுட்டா." போன் எல்லாம் மேலே எழும்பின. ஒரு இமையை விரலால் தூக்கிப் பார்த்தேன், வரிசையாக வெளிச்சம். மறுபடி "எனக்கு" என்றேன். அதற்கு மேல் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். வேலைச் சேலையோடு, கையெல்லாம் திராட்சைக் கறை. தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள். என் பக்கம் வரவில்லை. சுரூபத்துக்குப் போனாள். மெழுகுதிரியை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினாள். தேங்காயை எடுத்துக் கீழே வைத்தாள். மாலையைக் கழற்றி அந்தோணியார் காலில் போட்டாள்.

உபதேசியார் ஓடி வந்தார். "என்ன செய்யிற? குடுத்த காணிக்கையத் திருப்பி எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது."

"ஆகாட்டிப் போகுது." அம்மா சேரின் கைப்பிடியை விடவில்லை. "தோட்டத்துல போன்ல காட்டுனாளுக. தல தொங்குது பாரு, என்னமா நடிக்கிறான்னு என்கிட்டயே காட்டிச் சிரிக்கிறாளுக. தெனம் அந்தத் தலைய இந்தக் கையாலதான் புடிச்சுக் கஞ்சி ஊத்துறேன். அந்தக் கனம் எனக்குத் தெரியாதா?"

உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தரையைப் பார்த்தார்.

அம்மா சுரூபத்தைப் பார்த்து, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "கோவிச்சுக்காதீக. மூணு நாளு ஆசப்பட்டுட்டேன். அம்புட்டுத்தான்."

சேரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்பா தூக்கி உட்கார வைத்தார். நடுவில் தள்ளிக்கொண்டு போனோம். யாரும் மறிக்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை, அம்மா சக்கரத்தை அவர்கள் கால் வரைக்கும் கொண்டுபோனதும் அவர்களாக நகர்ந்தார்கள். போன் ஒன்றும் இறங்கவில்லை. வாசல் படியில் அப்பா முன்னால், அம்மா பின்னால்.

சீட்டில் மெழுகு ஒட்டியிருந்தது. இன்னும் சுரண்டவில்லை.

கம்யூனிட்டியில் இது இந்நேரம் வந்திருக்கும். தாயும் மகளும் சேர்ந்து நாடகம் என்று ரோஜாப்பூ மரியாதையாக எழுதியிருப்பான். செல்வம் அண்ணன் காலையிலேயே ரெண்டு மிஸ்டு கால். எடுக்கவில்லை. படிக்காமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. கை அரிக்கிறது.

நேற்று தெருவில் அம்மாதான் தள்ளினாள். இருட்டியிருந்தது. வாலிபால் கிரவுண்டு தாண்டும்போது குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள், "நாளைக்குச் சாயங்காலம் எங்கன போகணும்?"

நேற்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளும் நின்று காத்துக்கொண்டிருக்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தாள்.

இப்போது வாய் இருக்கிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம். அவள் தோட்டத்துக்குக் கிளம்புவதற்குள் போய்ச் சொல்ல வேண்டும். கம்பம். பஸ் ஸ்டாண்டு. கடையெல்லாம் விளக்குப் போடுகிற நேரம்.